வீடில்லாதவர்களை எண்ணப் போகிறவர்களுக்கு

கிளிவெட்டியில் நடந்த தொண்டர் பயிற்சி நாளில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை



மலையிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். முன்வரிசையிலேயே இரண்டு பேருக்குக் கண் சொருகுகிறது. பரவாயில்லை, பிளேன்ரீ வரும்.

தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளிவெட்டியில் என்ன வேலை என்று புறப்படுவதற்கு முன்பே பலர் கேட்டார்கள். இங்கே தேயிலையும் இல்லை, றப்பரும் இல்லை. நெல்லும் மாடும் குளமும்தான். ஆனால் நாம் இங்கே வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

முதலாவது காரணம் தண்ணீர். நம் மலையில் பிறக்கிற மகாவலி இங்கேதான் வந்து கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதே மழைத்தண்ணீர் கீழே இறங்கி வந்து, மாவிலாற்று அணைக்கட்டை உடைத்து, மூதூர், வெருகல், கிளிவெட்டிப் பக்கத்து வயலையும் வீட்டையும் மூடியது. மேலே மண்ணுக்குப் பயந்து ஓடினார்கள், கீழே தண்ணீருக்குப் பயந்து ஓடினார்கள். இரண்டு பக்கத்திலும் சனங்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் பாய் விரித்துப் படுத்தார்கள்.

இரண்டாவது காரணம் இந்த ஊரின் அனுபவம். வீட்டை இழந்தவர்கள் பட்டியலில் இருந்தால் என்ன நடக்கும், பட்டியலில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்குத் தெரிந்த அளவுக்கு இலங்கையில் வேறு ஊர்களுக்குத் தெரியுமோ என்பது சந்தேகம்தான். மலையிலிருந்து வந்த பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே இருக்கும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கதையை உங்களுக்கே சொல்கிறோம்.

2006 ஏப்ரல் கடைசியில் சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. யூலையில் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டதோடு சண்டை முற்றியது. மூதூர் கிழக்குச் சனங்கள் வெருகல் வழியாக வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். செப்டெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கையில் வந்தது. 2007 இல் சனங்களைப் பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்து ஏறியவர்கள் பலர். ஆனால் சம்பூர் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அனல் மின் நிலையம் என்றார்கள், கைத்தொழில் வலயம் என்றார்கள். சனங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் இறங்கினார்கள். இந்த இடத்துக்கு வைத்த பெயர் இடைத்தங்கல் முகாம். இடையில் தங்கிப் போகிற இடம் என்று அர்த்தம். பலருக்கு அந்த ‘இடை’ எட்டு ஒன்பது வருடம்.

2012 செப்டெம்பரில் வவுனியா மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. நாட்டில் இனி இடம்பெயர்ந்தவர் இல்லை என்ற மாதிரி அப்போது உலகத்துக்குச் சொல்லப்பட்டது. அந்த நாளிலும் கிளிவெட்டியில் தகரத்துக்குக் கீழே ஆட்கள் படுத்திருந்தார்கள். கணக்கில் பூச்சியம் என்று எழுதினால் அந்தக் கொட்டில் இல்லாமல் போய்விடுமா? 2015 இல்தான் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 இல் கிடைத்தது. அதுவரை இந்தச் சனங்கள் விடாமல் தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டிருந்தார்கள். எத்தனை குடும்பம், எந்தக் கிராமம், யாருடைய காணி, உறுதி இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கையில் வைத்திருந்தார்கள். வழக்குக்குப் போனபோதும், வந்து பார்த்த வெளிநாட்டுக்காரரிடம் பேசியபோதும் அந்தக் கணக்குத்தான் கையில் இருந்தது.

இதில் நமக்குப் பாடமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. முகாமுக்குள் வந்தபோது ஒரு அட்டைக்கு ஒரு குடும்பம். எட்டு ஒன்பது வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடித்து அவர்களுக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. அட்டையில் ஒரு குடும்பம், கொட்டிலில் மூன்று குடும்பம். கந்தோரில் இதற்கு உப குடும்பம் என்று பெயர். வீட்டுத் திட்டம் வரும்போது அட்டைக்கு ஒரு வீடு. மற்ற இரண்டு பேரும் எங்கே போவது? முகாமுக்கு வராமல் சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்கள் கதை இன்னும் மோசம். அவர்கள் பலருக்கு அட்டையே சரியாக இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளே, இது உங்களுக்குப் புதிதாகத் தெரிகிறதா? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. அப்பா அம்மா உள்ளே, மூத்தவன் குடும்பம் இஸ்தோப்பில் பலகை அடித்து, இளையவன் குடும்பம் பின்னால் சாக்கு கட்டி. தோட்டத்துக் கந்தோர்ப் புத்தகத்தில் அது ஒரு காம்பரா, ஒரு குடும்பம். சம்பூர்க்காரரும் நாமும் ஒரே கணக்கில் விழுந்தவர்கள்.

எண்ணிக்கை என்பது நமக்குப் புதிது இல்லை. நம்மை எண்ணாத ஆள் கிடையாது. பிரட்டுக்களத்தில் காலையில் எண்ணினார்கள். செக்ரோலில் பேர் போட்டு எண்ணினார்கள். 1911 குடிசனக் கணக்கெடுப்பில் முதன்முறையாக இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று இரண்டு கட்டமாகப் பிரித்து எண்ணினார்கள். 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மை எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாதவர்கள் ஆக்கியது. 1964 இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் டில்லியில் உட்கார்ந்து 975,000 பேரைப் பங்கு போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். அரிசி மூட்டையைக்கூட அதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள்.

ஆனால் நமக்குத் தேவையானபோது நம்மை எண்ண ஒருவரும் இல்லை. 1973, 74 இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. கூப்பன் மாவும் வேலையும் குறைந்து, தோட்டத்தை விட்டு இறங்கி, கண்டியிலும் நாவலப்பிட்டியிலும் தெருவோரத்தில் கையேந்திப் படுத்த குடும்பங்களைப் பற்றி நம் பாட்டிமார் இன்றைக்கும் சொல்வார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் இறங்கி வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள் நம் ஆட்கள்தான். பிறகு வந்த சண்டையில் அவர்களும் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை ஓடினார்கள். இந்த மாவட்டத்தில் அப்படி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். நாம் எண்ணப் போகும்போது அவர்களையும் சந்திப்போம். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்டால் மூன்று ஊர் சொல்வார்கள். மூன்றையும் எழுதுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. முதல் நாட்களில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கணக்கு. நூறுக்கு மேல் என்றார் ஒருவர், முந்நூறு என்றார் இன்னொருவர். பிறகு அது நாற்பதுக்குள் இறங்கியது. குறைந்ததில் எல்லோருக்கும் ஆறுதல்தான். ஆனால் அந்த லயத்தில் நேற்று இரவு யார் யார் படுத்திருந்தார்கள் என்று ஒரு தாளில் இருந்திருந்தால், தோண்டுகிறவர்களுக்கு எந்தக் காம்பராவை முதலில் தோண்டுவது என்று தெரிந்திருக்கும். செக்ரோல் வேலைக்கு வந்த ஆளைத்தான் சொல்லும். பென்சன் வாங்கிய தாத்தாவை, கொழும்பிலிருந்து லீவில் வந்த பையனை, பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகளை அது சொல்லாது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

டித்வாவுக்குப் பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையம் தினமும் அறிக்கை விட்டது. பாதுகாப்பு மையங்களில் இத்தனை குடும்பம், இத்தனை பேர் என்று. அந்த எண் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வந்தது. எல்லோருக்கும் வீடு கிடைத்துவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், மண்டபத்தில் கலியாணம் இருக்கிறது, கோயிலில் திருவிழா வருகிறது. ஆட்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் அக்கா வீட்டுக்கும் மாமா லயத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் போனார்கள். சிலர் ‘ஆபத்து’ என்று சிவப்பாக எழுதி ஒட்டிய பழைய காம்பராவுக்கே திரும்பிப் போனார்கள். மையம் மூடினால் மையத்தின் கணக்கு மூடும், அவ்வளவுதான். நாம் எண்ணப் போவது அந்த மையத்திலிருந்து வெளியே வந்து எந்தக் கணக்கிலும் இல்லாமல் போனவர்களை. இதைச் செய்யாவிட்டால் காணி பிரிக்கிற நாளில், வீடு கட்டுகிற நாளில் அவர்கள் பெயர் இருக்காது. லயத்தில் இருந்தவருக்கு உறுதிப் பத்திரம் இல்லை. கடிதம்கூடத் தோட்டத்துக் கந்தோர் வழியாகத்தான் வரும். ‘இங்கே இருந்தேன்’ என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுகூடக் கிடையாது.

ஆகவே யாரை எண்ணுவது என்று முதலில் தெளிவாக இருக்க வேண்டும். இதில் குழம்பினால் கடைசி வரை குழப்பம்தான்.

இந்தியாவில் பத்து வருடத்துக்கு ஒரு தடவை குடிசனக் கணக்கெடுப்பில் வீடற்றவரை ஒரே இரவில் எண்ணுவார்கள். 2011 பெப்ரவரி 28 இரவு எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17 இலட்சத்து 73 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். அவர்கள் யாரை வீடற்றவர் என்றார்கள்? தெருவோரத்தில், நடைபாதையில், பெரிய சிமெந்துக் குழாய்க்குள், பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் கீழே, கோயில் மண்டபத்தில், ரயில் மேடையில் படுப்பவர். திறந்த வெளியில் இருப்பவர் மட்டும்தான் அதில் வருவார். தம்பி வீட்டுத் திண்ணையில் படுப்பவர் வரமாட்டார். அந்த விதியை அப்படியே கொண்டுவந்து தோட்டத்தில் போட்டால் நமக்குக் கிடைக்கிற எண் பத்தோ பன்னிரண்டோதான். ‘பார்த்தீர்களா, தோட்டத்தில் வீடில்லாதவரே இல்லை’ என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் நமது படிவத்தில் மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். மற்ற நாடுகளிலும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

முதல் கட்டம், கூரையே இல்லாதவர். பஸ் ஸ்ராண்ட், சந்தைக் கட்டடம், கடைவாசல், மூடிய பழைய ஃபக்டரி, கைவிடப்பட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி. திருகோணமலை டவுன் என்றால் ரயில் நிலையம், மீன் சந்தை, கடற்கரையில் படகு மறைவு.

இரண்டாம் கட்டம், தற்காலிகக் கூரைக்குக் கீழே இருப்பவர். பள்ளிக்கூடம், கோயில், மண்டபம், தறப்பாள் கொட்டில்.

மூன்றாம் கட்டம், அடுத்தவர் கூரையில் ஒதுங்கியவர், அல்லது இருக்கக்கூடாது என்று எழுத்தில் சொல்லப்பட்ட லயத்தில் இருப்பவர். இதில்தான் நம் ஆட்கள் அதிகம். இதைத்தான் தவற விடுவோம்.

கொழும்பிலும் திருகோணமலையிலும் கடையில் வேலை செய்து கடைக்குள்ளேயே படுக்கிற மலையகப் பையன்களை எதில் சேர்ப்பது என்று நேற்று ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. இன்றைக்கு முதலாளி ‘போ’ என்றால் இன்று இரவு அவனுக்குப் படுக்கை இல்லை. ஆனால் தோட்டத்தில் தாய் வீடு இருந்து, போய் இருக்க முடியுமென்றால் அவன் வேறு. எங்கள் தீர்ப்பு இது. ‘நாளைக்குக் கடை மூடினால் எங்கே போவாய்?’ என்று கேளுங்கள். போக இடம் சொன்னால் எண்ணாதீர்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் கட்டத்தில் எழுதுங்கள். வீட்டு வேலைக்குப் போயிருக்கிற பெண் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி.

ஏன் ஒரே இரவில் எண்ண வேண்டும்? கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரே கூடையை இரண்டு தடவை நிறுத்தால் என்ன ஆகும்? திங்கட்கிழமை ஹட்டனில் எண்ணிய ஆளை வியாழக்கிழமை தலவாக்கலையில் திரும்ப எண்ணிவிடுவோம். அதனால் எல்லா இடத்திலும் ஒரே இரவு, பத்து மணிக்குப் பிறகு. ஆள் படுத்த பிறகுதான் எங்கே படுக்கிறார் என்பது தெரியும். பகலில் எல்லோரும் சந்தையில்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு யனவரி மாதக் கடைசியிலும் ஒரே இரவில் இப்படி எண்ணுகிறார்கள். குளிர் காலம் என்பதால் தங்குமிடங்கள் நிறைந்திருக்கும், உள்ளே இருப்பவரை எண்ணுவது சுலபம். வெளியே இருப்பவர் குளிருக்கு ஒளிந்திருப்பார், அவரைக் காண்பது கஷ்டம். நமக்கும் மழைக்காலத்தில் அதே நிலைதான்.

நியூயோர்க் நகரத்தில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வீடற்றவர் மாதிரி வேடமிட்ட சில ஆட்களைத் தாங்களே தெருவில் உட்கார வைத்துவிடுவார்கள். எண்ணப் போகிற தொண்டருக்கு அது தெரியாது. மறுநாள் காலையில், வைத்த ஆட்களில் எத்தனை பேரை எண்ணினார்கள், எத்தனை பேரை விட்டார்கள் என்று பார்த்தால், தொண்டர் எவ்வளவு கவனமாகத் தேடினார் என்று தெரிந்துவிடும். நாமும் செய்யப் போகிறோம். எங்கே, யார் என்று சொல்லமாட்டோம். சிரிக்காதீர்கள், இப்போதே பயந்து நன்றாகத் தேடுங்கள்.

ஒரே இரவில் எல்லோரும் அகப்படமாட்டார்கள். முக்கியமாகப் பெண்கள். தனியாக இருக்கிற பெண் கண்ணில் படுகிற இடத்தில் படுக்கமாட்டாள். விடிய விடிய நடப்பாள், இல்லை என்றால் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பகுதியில் உட்கார்ந்திருப்பாள், யாரையோ பார்க்க வந்தவள் மாதிரி. அதனால் டவுனில் மட்டும் இரண்டு தடவை எண்ணுவோம். கணக்கைக் கவனியுங்கள், இது சுலபம்தான்.

முதல் இரவில் நாம் சந்திக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய பை கொடுக்கிறோம், உள்ளே சவர்க்காரம். உதாரணத்துக்கு 40 பேருக்குக் கொடுத்தோம். இரண்டாவது இரவில் வேறு தொண்டர்கள் போகிறார்கள். 50 பேரைச் சந்திக்கிறார்கள். ‘அன்றைக்குச் சவர்க்காரப் பை கிடைத்ததா?’ என்று கேட்கிறார்கள். 20 பேர் ‘ஆம்’ என்கிறார்கள். அதாவது இரண்டாவது இரவில் கண்டவர்களில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் இரவில் கண்டவர்கள். அப்படியானால் மொத்தத்திலும் ஐந்தில் இரண்டு பங்குதான் நாம் முதல் இரவில் கண்ட 40 பேர். மொத்தம் 100. நாற்பதை ஐம்பதால் பெருக்கி இருபதால் பிரித்தால் அதே நூறு வரும். குளத்தில் எத்தனை மீன் என்று கண்டுபிடிக்கிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். நாம் கண்ணால் கண்டது எழுபது பேர்தான், முப்பது பேரைக் காணவே இல்லை என்று அந்தக் கணக்கு சொல்கிறது. இடையில் மழை கொட்டி ஆட்கள் இடம் மாறினாலோ, பையைக் கண்டு வேறு ஆட்கள் வந்து சேர்ந்தாலோ கணக்குப் பிழைக்கும். ஆகவே இரண்டு இரவுக்கும் இடையில் அதிக நாள் விடமாட்டோம். பையைப் பற்றி முன்கூட்டி ஊருக்குச் சொல்லவும் வேண்டாம்.

இனி எப்படிப் பேசுவது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது.

தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். ஆணா பெண்ணா, பெரியவரா பிள்ளையா என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். போர்வையை நீக்கிப் பார்க்கிற வேலை நமக்கு இல்லை. டோர்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், தரையில் அடியுங்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வயதில் மூத்தவரென்றால் ‘ஐயா’, ‘அம்மா’. சின்னவரென்றாலும் ‘நீங்கள்’தான். தோட்டத்தில் நம்மை ‘வா, போ’ என்று பேசிய துரைமார் மாதிரி நாம் இன்னொருவரிடம் பேசக்கூடாது.

‘உங்களுக்கு வீடு இல்லையா?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். மானம் யாருக்கும் உண்டு. ‘நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்கு உண்மையான பதில் வரும். கேள்வியைப் பொறுத்துத்தான் எண் வரும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் சுமார் எட்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேர், நூற்றுக்கு 4.1. 2024 டிசெம்பர் கணக்கெடுப்பில் மலையகத் தமிழர் என்ற பெயரும் அதே கட்டத்தில் சேர்க்கப்பட்டது. வந்த எண் ஆறு இலட்சமளவில், நூற்றுக்கு 2.8. கால்வாசிக்கு மேல் சனம் காற்றிலா போனது? கடல் கடந்து போனவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்று கேட்டவர் எப்படிக் கேட்டார், நம்மவர் எந்தக் கட்டத்தைச் சொன்னார் என்பதும் அதில் இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

வாக்குக் கொடுக்காதீர்கள். ‘எழுதித் தந்தால் வீடு கிடைக்குமா?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘கிடைக்கும்’ என்று சொல்லிவிட்டு வந்தால் அடுத்த தடவை நம்மை வாசலில் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. ‘எத்தனை பேர் என்று காட்டிக் கேட்பதற்காக எழுதுகிறோம், கிடைக்குமோ தெரியாது’ என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். படம் எடுக்கவே கூடாது. ஃபோனைப் பைக்குள் வையுங்கள். பேஸ்புக்கில் போடுவதற்கு யாருடைய தூக்கமும் நமக்குக் கிடையாது.

அவசரமானால் செய்ய வேண்டியது வேறு. சுகமில்லாமல் கிடந்தால் 1990 அம்பியூலன்ஸ். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929. பெண்ணுக்கு ஆபத்தென்றால் 1938. மண் வெடிப்போ வெள்ளமோ கண்டால் 117. இந்த நான்கு எண்ணும் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

இந்தப் படிவங்கள் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளிவெட்டியில் நின்று இதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பக்கத்தில் பதிவு என்றாலே சனங்களுக்கு வயிற்றைக் கலக்கும். போர்க்காலத்தில் பெயர் எழுதிக்கொண்டு போனால் அடுத்து என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரும் பக்கத்திலுள்ள குமாரபுரமும் பட்ட துன்பத்தை இங்கே இருப்பவர்கள் மறக்கவில்லை. போதாததற்கு, வெள்ளைக்காரன் 1841 இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. தெருவில் படுப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கிற சட்டம் அது. நாம் நல்லதுக்கு எழுதிய பட்டியல் தவறான கையில் போனால் அடுத்த நாள் காலையில் அந்த ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடலாம்.

ஆகவே முதல் கட்டத்தில் இருப்பவருக்கு முழுப் பெயர் எழுதமாட்டோம். பெயரின் முதல் இரண்டு எழுத்து, வயது, சொந்த ஊர், அவ்வளவுதான். இரண்டு தடவை எண்ணாமல் இருக்க அது போதும். படுத்த இடத்தையும் ‘டவுன் வடக்கு’, ‘டவுன் தெற்கு’ என்று பொதுவாகத்தான் எழுதுவோம். இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் இருப்பவர்கள் காணிக்கும் வீட்டுக்கும் உரிமை கேட்கிறவர்கள், அவர்களுக்குப் பெயர் தேவை. ஆனால் அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் மட்டும்தான். ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும். ‘இன்ன திகதியில் இன்ன இடத்தில் இருந்தேன்’ என்று சொல்ல அவர் கையில் அந்தத் தாள் ஒன்றாவது இருக்கும். பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் நாம் கொடுப்பது எண்களை மட்டும். பெயர் கொடுப்பதா இல்லையா என்பதை அந்தக் குடும்பம் தீர்மானிக்கட்டும். தோட்டத்துக் கந்தோரில் யாராவது ‘காட்டு பார்ப்போம்’ என்றால், ‘தலைவரிடம் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் லயத்தை நீங்களே எண்ண வேண்டாம். பக்கத்து டிவிசன்காரர் எண்ணட்டும். உங்கள் சித்தப்பா வீட்டுச் சண்டை உங்களுக்குத் தெரியும், யார் யாரை வெளியே போகச் சொன்னார் என்று தெரியும். அங்கே நின்று நீங்கள் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதே நேரம், எண்ணப் போகிறவரை அந்த லயத்துக்கு அழைத்துப்போக உள்ளூர் மாதர் சங்கத் தலைவி ஒருவர் கூட வர வேண்டும். எந்தக் காம்பராவின் பின்பக்கத்தில் யார் சாக்கு கட்டிப் படுக்கிறார் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

எண்ணி முடித்த மறுநாள் எல்லாப் படிவமும் ஒரே மேசைக்கு வரும். நமது எண்ணையும் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கிற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இரண்டும் பொருந்தினால் சந்தோஷம். பொருந்தாத இடத்தில், எந்தக் கட்டத்தில் எத்தனை வித்தியாசம் என்று எழுதிக் கேட்போம். நமது எண் குறைவாக வந்தாலும் அதை மறைக்கமாட்டோம். கூட்டிச் சொன்ன எண்ணை ஒரு தடவை பிடித்துவிட்டார்கள் என்றால் அதற்குப் பிறகு நாம் சொல்கிற சரியான எண்ணையும் நம்பமாட்டார்கள். தராசில் இரண்டு கிலோ வெட்டினால் நம் தாய்மார் எப்படிக் கொதிக்கிறார்கள்! நாம் இரண்டு கிலோ கூட்டிப் போட்டாலும் அது கள்ளத் தராசுதான்.

பிற்பகல் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து ஒத்திகை பார்ப்போம். முகாமில் இருந்த அக்காமார் நான்கு பேர் சம்பூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்கள்தான் எண்ணப்படுகிறவர்களாக உட்காருவார்கள். நீங்கள் போய்க் கேட்க வேண்டும். ஒன்பது வருடமாக எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர்கள் அவர்கள். எந்தக் கேள்வி குத்தியது, எது பரவாயில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். படிவமும் பென்சிலும் வாசல் மேசையில் இருக்கின்றன. பேனை வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். இப்போது பிளேன்ரீ குடியுங்கள்.